இரண்டு நோட்டு, ஒரு பென்ஷன்

‘குடும்பக் காரணங்களுக்காக, மூன்று மாத முன்னறிவிப்புடன், பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற விரும்புகிறேன். அனுமதிக்க வேண்டுகிறேன்.’

ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதம். சாரம் இவ்வளவுதான். போன மாதம், கார்த்திகை பிறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு இது என் மேஜைக்கு வந்தது. கடிதத்தில் போட்டிருந்ததோ அடுத்து வரும் திங்கட்கிழமையின் தேதி. (மணியையும் தேதியையும் குறித்துவைப்பது என் பழக்கம். வீட்டில் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.)

கொண்டுவந்தவர் ஆரோக்கியசாமி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இருபத்தாறு வருட சர்வீஸ். ஒருமுறை தென்னூரில் என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்ய வந்தவர், போகும்போது அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை இரவல் கேட்டார். சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதரை விட முடியுமா? அன்றிலிருந்து நண்பர்.

“இங்கிலீஷ்ல தப்பு இருக்கான்னு மட்டும் பார்த்துடுங்க சார். திங்கக்கிழமை ஆபீஸ் தொறந்ததும் கொடுத்துடணும்.”

“முடிவே பண்ணிட்டீங்களா?”

“பண்ணியாச்சு. நாப்பத்தொன்பது வயசு. இன்னும் பதினோரு வருஷம் கழிச்சு ரிட்டையர் ஆகி மில்லு வாங்கினா, நான் மில்லைத் தூக்குவேனா... மில்லு என்னைத் தூக்குமா?”

மில் என்று அவர் சொன்னது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் மாவு மில்லை. நடத்துபவர் வரதன். எழுபதைத் தாண்டியவர். பெங்களூரில் இருக்கும் மகனோடு போய்த் தங்கிவிடப் போகிறார். மெஷின்களை விலைக்குக் கொடுத்துவிட்டு, கட்டடத்தை வாடகைக்கு விடுவதாக ஏற்பாடு. ஆரோக்கியசாமி பல வருடங்களாக லீவு நாட்களில் அந்த மில்லுக்குப் போய் பெல்ட் மாற்றிக் கொடுப்பார், பேரிங் மாற்றிக் கொடுப்பார். அந்த மெஷின் போடும் சத்தத்தில் எது நல்ல சத்தம், எது காசு கேட்கிற சத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்.

ஓய்வு பெறும்போது வரும் மொத்தத் தொகையில் மெஷின்கள். பேங்க் லோனில் புது மோட்டார். மாதா மாதம் பென்ஷன் இருக்கவே இருக்கிறது. இதுதான் திட்டம்.

கடிதத்தோடு ஒரு நூறு பக்க நோட்டையும் நீட்டினார். அட்டையில் ‘மில்’ என்று எழுதியிருந்தது. புரட்டினேன். அசந்துபோனேன்.

பெல்ட் இரண்டு. பேரிங், அதன் நம்பரோடு. அரவைக் கல் கொத்தும் கூலி. தராசுக்கு முத்திரை வைக்கும் கட்டணம். போர்டு எழுத. துடைப்பம் இரண்டு. கட்டட வாடகை எட்டாயிரம். லோன் தவணை ஐயாயிரம். தனியாக ஆள் கிடையாது, அவரே ஆள். மாதம் கையில் நிற்பது இருபத்தைந்தாயிரம். அதில் வாடகையும் தவணையும் போக மிச்சம் பன்னிரண்டாயிரம். எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு.

அன்றைய என் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘ஆ.சாமியின் திட்டம் கச்சிதம். இவரைப் போல் எல்லோரும் கணக்குப் போட்டால் ஊரில் ஒரு கடைகூட மூடாது.’

இப்போது படித்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று இருக்கிறது. ஆனால் குறிப்பேட்டில் பக்கம் கிழிக்கக் கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்...

“பேங்க்ல வீட்டு வரவு செலவையும் சேர்த்து ஒரே பேப்பர்ல கேக்கறாங்க சார்” என்றார் ஆரோக்கியம். “வீட்டு நோட்டு ஸ்டெல்லாகிட்ட இருக்கு. நாளைக்கு நம்ம குவார்ட்டர்ஸுக்கு வந்தீங்கன்னா மூணு பேரும் உக்காந்து எழுதிடலாம். மீன் கொழம்பு உண்டு.”

மீன் குழம்புக்காக இல்லை — சரி, அதற்காகவும்தான் — சனிக்கிழமை போனேன்.

பொன்மலை குவார்ட்டர்ஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசலில் வேப்பமரம், பின்னால் முருங்கை வைக்க இடம், ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் விடிந்தது என்று அர்த்தம். அவர் மனைவி ஸ்டெல்லா வீட்டு நோட்டை எடுத்துவந்தார். பால், காஸ், காய், மீன், மகள் ஜெனியின் காலேஜ் பீஸ், கோயில் காணிக்கை, கல்யாண மொய் — ஒன்று விடாமல் தேதிவாரியாக. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

“இவங்கதான் சார் எங்க வீட்டு நிதி மந்திரி” என்றார் ஆரோக்கியம்.

“ஆமா சார், மந்திரி நான். கஜானா மட்டும் அவர் சட்டைப் பையில” என்றார் ஸ்டெல்லா.

ஒரு பெரிய தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் மில், வலது பக்கம் வீடு. விருப்ப ஓய்வுக்குப் பிறகு வீட்டை எப்படி நடத்துவது என்று ஸ்டெல்லா தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்து வலது பக்கத்தில் எழுதினேன். வரவு: பென்ஷன். அதற்குக் கீழே: மில்லில் மிச்சம் பன்னிரண்டாயிரம்.

பிறகு இடது பக்கம். ஆரோக்கியத்தின் நோட்டைப் பார்த்து வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘முதல் ஆறு மாதம் துண்டு விழுந்தால், ரிப்பேர் வந்தால் — பென்ஷனிலிருந்து.’

பேனா நின்றுவிட்டது.

“ஆரோக்கியம்... பென்ஷன் ஒண்ணா, ரெண்டா?”

“ஒண்ணுதான் சார். ரெண்டா கொடுத்தா வேணாம்னா சொல்லப்போறேன்?” என்று சிரித்தார்.

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார். “என்னங்க இது? இது நான் அரிசிக்கும் ஜெனி பீஸுக்கும் போட்டு வச்சது.”

“நான் மோட்டார் காயில் போனா கட்டறதுக்குப் போட்டு வச்சது.”

“அப்ப காயில் போற மாசம் நாங்க என்னத்தைச் சாப்பிடறது? காயிலையா?”

யோசித்துப் பாருங்கள். இருவரும் ஒரே மேஜையில், எதிரெதிரே உட்கார்ந்து, மூன்று மாதம் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவர் ஒரு நோட்டில். இவர் ஒரு நோட்டில். ஒரே பென்ஷன், இரண்டு நோட்டிலும் முழுசாக உட்கார்ந்திருக்கிறது! இவர் நோட்டை அவர் பார்க்கவில்லை. ‘வீட்டு விஷயத்துல நான் ஏன் மூக்கை நுழைக்கணும்?’ என்பது அவருடைய பெருந்தன்மை. ‘மில்லு விஷயம் எனக்கென்ன தெரியும்?’ என்பது இவருடைய அடக்கம். பெருந்தன்மையும் அடக்கமும் சேர்ந்து ஒரு பென்ஷனை இரண்டாக்கிவிட்டன.

இதையே பெரிய ஓட்டை என்று நினைத்தேன். ஆனால் இது ஒன்றுமே இல்லை.

வலது பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். என் வீட்டில் மாதா மாதம் எழுதுகிற பட்டியல் மனதில் ஓடியது. ஏதோ இடித்தது.

“கரண்ட் பில் எங்கே எழுதியிருக்கீங்க?”

“அது இவர் சம்பளத்துல பிடிச்சுருவாங்க சார்.”

“தண்ணி?”

“அதுவும்தான்.”

“வாடகை?”

ஸ்டெல்லா என்னை ஒரு மாதிரி பார்த்தார். விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல், “இது குவார்ட்டர்ஸ் சார்” என்றார்.

“சரி. வேலையை விட்ட பிறகு?”

ஆரோக்கியம் தாளைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரையே முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

நம்புவீர்களா? ஆரோக்கியத்தின் அப்பாவும் அதே ஒர்க்‌ஷாப். ஆரோக்கியம் பிறந்தது குவார்ட்டர்ஸில். வளர்ந்தது குவார்ட்டர்ஸில். அப்பாவின் குவார்ட்டர்ஸிலிருந்து தன் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். ஸ்டெல்லாவின் அப்பாவும் ரயில்வே. ஒரு குவார்ட்டர்ஸிலிருந்து இன்னொரு குவார்ட்டர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டவர். இவர்கள் இருவரும் தங்கள் வாழ்நாளில் ‘இந்தாங்க இந்த மாச வாடகை’ என்று யார் கையிலும் ஒரு நோட்டை நீட்டியது கிடையாது. மில் கட்டடத்துக்கு வாடகை எட்டாயிரம் என்று அழகாக எழுதி வைத்த மனிதருக்கு, தான் தூங்கப்போகிற கூரைக்கும் வாடகை உண்டு என்பது தோன்றவே இல்லை!

“காலி பண்ணணும்னு தெரியும் சார்” என்றார் ஆரோக்கியம், மெதுவாக. “தெரியாம இல்ல. ரிட்டையர் ஆனவங்க லாரியில சாமான் ஏத்தறதை எத்தனை தடவை பார்த்திருக்கேன்? நானே பீரோ தூக்கி விட்டிருக்கேன். ஆனா அது... காசுன்னு தோணவே இல்ல சார்.”

போனில் சம்பளப் பட்டியலைத் திறந்து காட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஸ்டெல்லா அந்தப் பட்டியலை முழுதாகப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. கைக்கு வரும் தொகை மட்டும்தான் அவருக்குத் தெரியும். பிடித்தம் என்ற பகுதியில் குவார்ட்டர்ஸுக்கு என்று ஒரு சின்னத் தொகை இருந்தது. நாலு பேர் பிரியாணி சாப்பிட்டால் வரும் பில்.

“இவ்வளவுதானா?” என்றார். “இந்த வீட்டுக்கா?”

உடனே கருமண்டபத்தில் வாடகைக்கு இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

“ரெண்டு ரூம் வீடு என்னடி வாடகை?”

“நாங்க பன்னெண்டாயிரம் கொடுக்கறோம்க்கா. அட்வான்ஸ் ஆறு மாச வாடகை. கரண்ட் தனி. ஏங்க்கா, திடீர்னு வாடகையெல்லாம் கேக்கறே... வீட்ல மாமாகூட சண்டையா?”

“இனிமேதான்” என்று சொல்லிப் போனை வைத்தார் ஸ்டெல்லா.

பன்னிரண்டாயிரத்தை வலது பக்கத்தில் எழுதினேன். தாளில் ஏற்கெனவே ஒரு பன்னிரண்டாயிரம் இருந்தது, நினைவிருக்கிறதா? மில்லில் எல்லாம் போக மிச்சம். இரண்டும் நேருக்கு நேர் நின்றன.

ஸ்டெல்லாதான் முதலில் பார்த்தார். “அப்ப மாசம் பூரா நீங்க அரைக்கற மாவு, வீட்டு ஓனருக்கு. நமக்குத் தும்மல் மட்டும்.”

பிறகு அவரே ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். குழாய் ஒழுகினால் கம்ப்ளெயின்ட் நோட்டில் எழுதிவிடுவோம், ஆள் வரும். ஃபியூஸ் போனால் ஆள் வரும். வெள்ளையடிக்க வருவார்கள். மரக்கிளை முறிந்து விழுந்தால்கூட ஒரு ஆள் வரும்... பாதியில் நிறுத்திவிட்டார். ஆள் வராத வாழ்க்கை ஒன்று வெளியே இருக்கிறது என்பது அந்த அறையில் அப்போதுதான் நுழைந்தது.

மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ருசி நினைவில் இல்லை.

அவர்களைச் சொல்கிறேனே... என் கணக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? தென்னூர் வீடு என் அப்பா கட்டியது. ‘நான் சிக்கனமாக வாழ்கிறேன்’ என்று பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே பலமுறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். வாடகை கொடுக்காதவனின் சிக்கனம் என்ன சிக்கனம்? கையால் எண்ணிக் கொடுக்கிற காசைத்தான் செலவு என்கிறோம். கைக்கு வராமலே போய்விடுகிற காசுக்கு நம் மனதில் பெயரே இல்லை. சம்பளம் நிற்கிற அன்றுதான் அது வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்.

ஆரோக்கியம் விடவில்லை. “பரவாயில்ல. வியாபாரம் ஏறும். இருபத்தஞ்சு முப்பதாகும், நாப்பதாகும்.”

“இப்ப இருபத்தஞ்சு நிக்குதுன்னு யார் சொன்னது?” — ஸ்டெல்லா.

“வரதன் மாமா.”

“எழுதிக் காமிச்சாரா?”

“அவர் பொய் சொல்ற மனுஷன் இல்ல ஸ்டெல்லா.”

“பொய் சொல்றார்னு நான் சொன்னேனா? எழுதிக் காமிச்சாரான்னு கேட்டேன்.”

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம். கடிதம் ஆரோக்கியத்தின் பையில் தயாராக இருந்தது. கொடுத்துவிட்டால் மூன்று மாதத்தில் சம்பளம், வேப்பமரம், கூரை எல்லாம் அவருக்குச் சொந்தமில்லை. கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்க முடியுமா? கேட்டால் கொடுப்பார்களோ என்னவோ... அதை நம்பி யாராவது கொடுப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். 

மில்லில் கூட்டம். டப்பாவும் தூக்குமாக ஏழெட்டுப் பேர். மெஷின் ஓடுகிற சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டும்.

“இதுல இப்பதானே மிளகாய் அரைச்சேள்? முதல்ல அந்த மாமியோட கோதுமையைப் போடுங்கோ. அப்பறம் என் அரிசி” என்றார் ஒரு அம்மாள்.

“ஏன், என் கோதுமை என்ன பாவம் பண்ணித்து?” என்றார் கோதுமை மாமி.

வரதன் இரண்டு பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தன் டப்பாவிலிருந்து ஒரு பிடி அரிசியை மெஷினில் போட்டு ஓட்டி, மிளகாய்க் காரம் ஏறிய அந்த மாவைக் கீழே கொட்டினார். வழக்கு முடிந்தது. அந்த ஒரு பிடி அரிசி யார் கணக்கு? அப்போது எனக்குத் தோன்றவில்லை.

“வாங்கோ ஆரோக்கியம்! ஆத்துக்காரியையும் அழைச்சிண்டு வந்திருக்கேளே. உக்காருங்கோ. பெஞ்சுல மாவு இருக்கும், பாத்து.”

ஸ்டெல்லா உட்காரவில்லை. “மாமா, மாசம் இருபத்தஞ்சாயிரம் கையில நிக்குதுன்னு இவர்கிட்ட சொன்னீங்களாம்!”

“ஆமாம், நிக்கறதே! மாசக் கடைசியில பெட்டியை எண்ணுவேன். முன்னப்பின்ன அவ்வளவு இருக்கும்!”

“கரண்ட் பில் கட்டினது போகவா?”

“கரண்ட் பில்லா? அதைப் பையன் பெங்களூர்லேர்ந்து போன்லயே கட்டிடறான்!”

“எவ்வளவு வரும்?”

“எனக்கெப்படித் தெரியும்? மெசேஜ் அவனுக்குன்னா வர்றது!”

பெருமையாகத்தான் கத்தினார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. நான் ஆரோக்கியத்தின் முகத்தைப் பார்த்தேன். பேரிங்கின் நம்பர் வரை எழுதி வைத்த முகம் அது. அந்த நோட்டில் மில்லுக்குக் கரண்ட் செலவு என்று ஒரு வரிகூட இல்லை. இருபத்தைந்து என்றால் எல்லாம் போக என்று இவர் நினைத்துக்கொண்டார். எதுவுமே போகாத இருபத்தைந்து என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு யோக்கியமான மனிதர்கள்! பல வருடப் பழக்கம்!

ஸ்டெல்லா விடவில்லை. “வீட்டுச் செலவுக்குப் பெட்டியிலேர்ந்து எடுப்பீங்களா மாமா?”

“எடுப்பேன். காய் வாங்கணும், உண்டியல்ல போடணும், பேரன் வந்தா அவனுக்கு ஏதாவது... இருக்கறதுலேர்ந்து எடுத்துப்பேன்.”

“எடுத்ததை எழுதி வைப்பீங்களா?”

வரதனுக்கு லேசாகக் கோபம் வந்தது. “என் பெட்டியிலேர்ந்து நான் எடுக்கறேன். எவனுக்கு எழுதிக் காட்டணும்கறேன்?” அப்புறம் அவரே, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல், “சில நாள் சில்லறை இருக்காது. அப்போ ஆத்துலேர்ந்து கொண்டுவந்து பெட்டியில போட்டுடுவேன். பெருமாள் கிருபையில பையன் மாசாமாசம் அனுப்பறான், அதனால கஷ்டமில்லை.”

வீட்டுப் பணம் மில் பெட்டிக்குள். மில் பணம் வீட்டுக் காய்கறிக்குள். கரண்ட் பில் பெங்களூரில். கட்டடம் சொந்தம். ஆள், அவரும் அவர் மனைவியும். இத்தனை வருடமும் இந்த மில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது என்று சந்து முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. குடும்பம்தான் மில்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததா? வாடகை தெரியாத ஒரு மில், வாடகை தெரியாத ஒரு வீட்டைப் பார்த்து ‘வா, லாபம்’ என்று கூப்பிட்டிருக்கிறது. வீடும் பையில் கடிதத்தோடு கிளம்பிவிட்டது.

வரதன் அங்கேயே மகனுக்குப் போன் போட்டார். போன தடவை இரண்டு மாதத்துக்கு மில்லின் கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டார். பதினான்காயிரத்துச் சொச்சம் என்று பதில் வந்தது. போனைக் காதிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி காதில் வைத்து, “இன்னொரு தரம் சொல்லு” என்றார். எங்கள் மூவரையும்விட அதிகம் அதிர்ந்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

“ஆரோக்கியம், நான் உங்களை ஏமாத்த நெனைக்கலை” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“ஐயோ மாமா, எனக்குத் தெரியாதா?”

ஆனால் தயவுக்கும் எல்லை உண்டல்லவா? லால்குடியிலிருந்து ஒருவர் மில்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். “தை முடியற வரைக்கும் உங்களுக்காக வெச்சிண்டிருக்கேன். அதுக்கு மேல பையன் கேக்கமாட்டான்” என்றார் வரதன்.

திங்கட்கிழமை கடிதம் கொடுக்கப்படவில்லை. அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு ஆரோக்கியம் போன் செய்தார். “வேலைக்கு வந்துட்டேன் சார்” என்று மட்டும் சொன்னார். ஒரு மனிதர் வேலைக்கு வந்துவிட்டேன் என்று சொல்வதைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு மூச்சு வந்தது.

அதோடு விட்டாரா? விடவில்லை. மில் ஆசை அப்படியே இருக்கிறது. தை முடிய நாளும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது நடப்பதை எழுதிவிடுகிறேன். எல்லாம் ஸ்டெல்லாவின் ஏற்பாடு.

டிசம்பர் முதல் தேதியிலிருந்து அவர்கள் ‘வாடகை வீட்டில்’ இருக்கிறார்கள். வீடு மாறவில்லை. அதே குவார்ட்டர்ஸ், அதே வேப்பமரம். சம்பளம் வந்ததும், கணக்குப்படி பென்ஷன் எவ்வளவு வருமோ அவ்வளவு மட்டும் எடுத்துக்கொள்வது. மீதியைத் தொடுவதில்லை, அது போஸ்ட் ஆபீஸுக்கு. எடுத்த பணத்திலும் முதல் வேலையாக வாடகை பன்னிரண்டாயிரத்தைப் பிரித்து அதே கணக்கில் போட்டுவிட வேண்டும். மிச்சத்தில் மாதத்தை ஓட்டிப் பார்ப்பது. மில்லிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்று வைத்துக்கொண்டு.

“எத்தனை நாள் ஓடுதுன்னு பார்ப்போம் சார். ஓடாத நாளைக்கு மில்லுதான் சம்பாதிக்கணும்” என்றார் ஸ்டெல்லா.

பத்தொன்பதாம் தேதி பணம் தீர்ந்துவிட்டது. நோட்டில் இருக்கிறது, நானே பார்த்தேன். அதிலும் ஜெனிக்கு வாங்க வேண்டிய செருப்பு வாங்கவில்லை. பத்தொன்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் இருக்கும் பன்னிரண்டு நாளை மில் சம்பாதிக்க வேண்டும். கேள்வி இப்போது இவ்வளவு சின்னதாகிவிட்டது. ஆனால் எவ்வளவு பெரிய கேள்வி!

இரண்டு நோட்டும் இப்போது ஒரு பைண்டிங்கில் இருக்கின்றன. முன்பக்கத்திலிருந்து வீடு, பின்பக்கத்திலிருந்து மில். யார் எதை எழுதினாலும் மற்றவர் சனிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். “கல்யாண ரிஜிஸ்டர்ல போட்டதுக்கப்புறம் இப்பத்தான் சார் ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடறோம்” என்கிறார் ஆரோக்கியம்.

வரதனும் ஒத்துழைக்கிறார். மில்லில் இப்போது இரண்டு பெட்டி. ஒன்று மில்லுக்கு, ஒன்று ஆத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரோக்கியம் போய் உட்கார்ந்து, எத்தனை கிலோ அரைத்தது, எவ்வளவு வந்தது என்று எழுதுகிறார். மிளகாய்க்குப் பின் போடும் அந்த ஒரு பிடி அரிசியைக்கூட! மற்ற ஆறு நாளும் வரதன் எழுத வேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறார். சில தாள்களை அவர் மனைவி அப்பளம் வைக்க எடுத்துக்கொண்டுவிடுகிறார். தவிர, இது மார்கழி. பொங்கலுக்கு முன்னால் எல்லா மில்லிலும் கூட்டம் இருக்கும். “மார்கழியை எண்ணி ஆடியில சாப்பிட முடியாதுங்க” என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டார்.

ஆகவே, இதை எழுதும் இன்றைய தேதியில் சரிபார்க்கப்பட்டவை: பென்ஷன் ஒன்றுதான். வாடகை உண்டு. கரண்ட் பில் பதினான்காயிரத்துச் சொச்சம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

சரிபார்க்கப்படாதது ஒன்று இருக்கிறது. அந்த மில் லாபத்தில் ஓடுகிறதா, இல்லையா? முப்பது வருடமாக ஓடுகிறது என்கிறார் வரதன். லாபத்திலா என்பது, அவர் உட்பட, இதுவரை யாருக்கும் தெரியாது.